நரம்பு இல்லைங்க, சிரை

எல்லா ஊரிலும் இவர் இருக்கிறார். நீச்சல் பழகவென்று முதல் நாள் குளத்தில் இறங்குவார். மூக்கில் தண்ணீர் ஏறி, இருமி, இரண்டு பேர் தூக்கிவிடக் கரையேறுவார். மறுநாள் அதே கரையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று, "கால நல்லா ஒதறி அடிங்க, மூச்ச வாயால விடுங்க" என்று உள்ளே நீந்திக்கொண்டிருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். கற்றுக்கொள்ளச் சேர்ந்த மறுநாளே கற்றுக்கொடுக்கக் கிளம்பிவிடும் இந்த இனத்துக்குத் தமிழில் இதுவரை யாரும் பெயர் வைக்கவில்லை. நம் வசதிக்கு 'மறுநாள் வாத்தியார்' என்று வைத்துக்கொள்வோம். ஆண்பாலிலும் உண்டு, பெண்பாலிலும் உண்டு. அழிந்துவரும் இனமோ என்று கவலைப்பட வேண்டாம். பெருகிக்கொண்டுதான் இருக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? சுலபம். பேச்சை "தெரியுமா உங்களுக்கு?" என்று தொடங்குவார். நீங்கள் தெரியும் என்றாலும் சொல்வார், தெரியாது என்றாலும் சொல்வார். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் அவர் உங்கள் கூடத்துக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, மின்விசிறியையும் கூட்டி வைத்திருப்பார். அவரிடம் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதுதான் சிக்கலே. கெட்ட எண்ணம் இருந்தால் சண்டை போட்டு அனுப்பிவிடலாம். நல்லெண்ணத்தை எந்த வாசல் வழியாக வெளியேற்றுவது?

புதுச்சேரி மூலக்குளத்தில் குடியிருக்கும் ஆதிமூலம் இந்த இனத்தின் பழுதில்லாத உருப்படி. நாற்பதை நெருங்குகிற வயது. அப்பா மில் தொழிலாளி. இவர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு சூப்பர்வைசர். மனைவி சரிதா வீட்டிலேயே மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். கார் ஓட்டப் பழகப் போன மறுநாள் ஆதிமூலம் வில்லியனூர் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, "கிளட்ச அமுத்துங்க... இப்ப விடுங்க... மெதுவா, மெதுவா" என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார். பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்த மறுநாள், அந்த நாட்டு ராணுவத்தில் காலமெல்லாம் வேலை பார்த்துவிட்டு ஓய்வூதியத்தோடு வந்து எதிர்வீட்டில் குடியிருக்கும் பெரியவரை வாசலில் நிறுத்தி, "நீங்க நன்றிக்குச் சொல்ற 'மெர்சி' தப்புங்க. அந்த 'ர்' தொண்டையிலருந்து வரணும்" என்று காறிக் காட்டினார். பெரியவர் அந்த வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டுத் தன் வீட்டுக்கு ஒரு பின்வாசல் வைத்துக்கொண்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை மூடியது. முதலாளி மிஷின்களைக் கழற்றி லாரியில் ஏற்றி வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனார். ஆட்களைக் கழற்றி இங்கேயே விட்டுவிட்டார். ஆதிமூலம் போய்க் கேட்ட இடத்திலெல்லாம் வயதைக் கேட்டார்கள். சரிதாவின் தையல் மிஷின் ஓய்கிற நேரம் குறைந்துகொண்டே வந்தது. அப்போதுதான் யாரோ சொன்னார்கள்: ஊரெல்லாம் ரத்தப் பரிசோதனை நிலையங்கள் திறந்துகொண்டிருக்கிறார்கள், ஊசி குத்தி ரத்தம் எடுக்க ஆள் கிடைக்கவில்லை, அதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது, பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கினால் வயது பார்க்காமல் வேலை கொடுக்கிறார்கள் என்று.

நகரத்துக்குள் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது பயிற்சி நிலையம். பாடம் எடுத்தவர் வசந்தா மேடம். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தம் எடுக்கும் பிரிவுக்குத் தலைமையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வாக்கியம் போதுமான இடத்தில் அரை வாக்கியம் பேசுகிறவர். முதல் வகுப்பில் அவர் சொன்னார்:

"மொதல் பாடம் ஊசி இல்ல. ஆளு. யார் கையில குத்தப் போறோம்னு தெரியணும். 'நீங்கதானே ராமலிங்கம்?'னு கேட்டா, காது கேக்காதவரும் ஆமாம்பாரு, பயந்தவரும் ஆமாம்பாரு. அவங்க வாயாலயே முழுப் பேரையும் பொறந்த தேதியையும் சொல்ல வைக்கணும். கேட்டுட்டு நம்ம வாய மூடிக்கணும்."

ஆதிமூலம் இதை அட்சரம் பிசகாமல் எழுதிக்கொண்டார். ஆனால் அவர் மனதைக் கொள்ளைகொண்டது, வகுப்பு முடிகிற நேரத்தில் மேடம் போகிற போக்கில் சொன்ன இன்னொன்று. ஊரில் எல்லோரும் ரத்தம் எடுக்கிற இடத்தை நரம்பு என்கிறார்களே, அது நரம்பு இல்லை, சிரை. நரம்பு வேறு; அதில் ஊசி பட்டால் கை விறைத்துப்போகும்.

போதாதா? மறுநாள் விடிந்தது.

தெருமுனை டீக்கடையில் ஒருவர், "ஆஸ்பத்திரிக்குப் போனங்க, நரம்பே கெடைக்கலன்னு நாலு எடத்துல குத்திட்டாங்க" என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

"சந்தோஷப்படுங்க" என்றார் ஆதிமூலம்.

"இன்னாது?"

"நரம்பு கெடைக்கலன்னு சந்தோஷப்படுங்க. கெடைச்சிருந்தா இந்நேரம் உங்க கையில டீ கிளாஸ் நிக்காது. அவங்க தேடுனது சிரை. எங்க, சொல்லுங்க பாப்போம்... சிரை."

அந்த மனிதர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அதுவே ஆரம்பம். ரத்தம் பிடிக்கும் கண்ணாடிக் குழாய்களுக்கு நிறநிறமான மூடிகள் உண்டு என்பதையும், அவற்றை ஒரு வரிசைப்படிதான் நிரப்ப வேண்டும், முறை மாறினால் முதல் குழாயில் இருக்கும் மருந்து அடுத்த குழாய்க்குப் போய்ச் சேர்ந்து பரிசோதனை முடிவே பொய்யாகிவிடும் என்பதையும் அடுத்தடுத்த வகுப்புகளில் தெரிந்துகொண்ட பிறகு, ஆதிமூலத்தின் கண்ணுக்கு உலகமே மூடி போட்ட குழாயாகத் தெரிந்தது. நேரு வீதி முனையில் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தினால், "சிவப்பு மூடி, ரத்தம் உறையணும்" என்று முணுமுணுத்துவிட்டு, நீட்டிய அந்தக் கையின் மடிப்பில் சிரை எப்படி ஓடுகிறது என்று ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே ஆராய்ந்தார்; பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்தார்கள். வீட்டில் குழம்புக் கரண்டியை ரசத்தில் விடக் கூடாது என்று சட்டம் வந்தது. இருமல் மருந்து பாட்டிலில் 'நன்றாகக் குலுக்கவும்' என்று போட்டிருந்ததைப் பார்த்துக் கொதித்துப்போனார். குலுக்குவதாவது! குலுக்கினால் ரத்த அணுக்கள் உடைந்துபோகாதா? மெதுவாகத் தலைகீழாகத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். "இது இருமல் மருந்துங்க, இதுல எங்க அணு இருக்கு?" என்று சரிதா கேட்டாள். "பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார் ஆதிமூலம். இருமல் மருந்து மெதுவாகத் திரும்பியது. இருமல் அப்படியே இருந்தது.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆதிமூலம் தப்பாகச் சொல்கிறவர் இல்லை. சொன்னதெல்லாம் சரி. தப்பாகச் சொல்கிறவரையாவது சகித்துக்கொள்ளலாம், திருத்துகிற சுகம் நமக்குக் கிடைக்கும். சரியாகவே சொல்லிக்கொண்டிருப்பவரை என்ன செய்வது?

வகுப்பில் வசந்தா மேடம் தன்னைக் கேட்ட கேள்விக்கு ஆதிமூலம் பதில் சொன்னார். பக்கத்து இருக்கை சிந்துஜாவைக் கேட்ட கேள்விக்கும் பதில் சொன்னார். மேடம் இன்னும் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, "அடுத்து அததான கேக்கப் போறீங்க?" என்றார். எழுத்துத் தேர்வில் அவருக்குத்தான் முதல் இடம். ரப்பர் கை என்று ஒன்று வைத்திருந்தார்கள், உள்ளே சிவப்புச் சாயத் தண்ணீர் ஓடும். அதில் ஆதிமூலம் மிக அழகாக ஊசி போட்டார். ரப்பர் கையால் எழுந்து போக முடியாது என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ரப்பருக்கு அடுத்தது மனிதக் கை. மாணவர்கள் ஒருவர் கையில் ஒருவர், மேடத்தின் கண் முன்னால், எடுத்துப் பழக வேண்டும். ஆதிமூலத்துக்கு முதலில் கையைக் கொடுத்தவள் சிந்துஜா. இருபது வயதுப் பெண். வீட்டில் இவளை நம்பி இரண்டு தம்பிகள். யாரிடமும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவள்.

ஆதிமூலம் முழங்கை மடிப்பை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். "இது காயணும்மா. காயறதுக்கு முன்னாடி குத்தினா எரியும்" என்றார். ஏன் எரியும் என்று விளக்கினார். விளக்கி முடிப்பதற்குள் காய்ந்துவிட்டது. "தோ பாரு, சிரை எப்டி ஓடுதுன்னு" என்று துடைத்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். தொட்டதால் மறுபடி துடைக்க வேண்டியதாயிற்று. தொட்டால் ஏன் மறுபடி துடைக்க வேண்டும் என்பதை விளக்கினார். அதற்குள் காய்ந்துவிட்டது. "இப்ப பாரு" என்று தொட்டுக் காட்டினார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு போனபோது சிந்துஜாவின் முழங்கை மடிப்பு அறுவை சிகிச்சை அறையைவிடச் சுத்தமாக இருந்தது. ஊசி மட்டும் படவில்லை. மறுநாளிலிருந்து அவளுக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரிந்துவிட்டது. மற்றவர்களுக்கு முன்பே தெரியும்.

"வேற யாரையாவது கூட்டிட்டு வாங்க, ஆதிமூலம்" என்றார் வசந்தா மேடம். "சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க. ஆள் கையில எடுக்காம செய்முறைப் பரீட்சைக்குப் போக முடியாது."

இதுதான் ஆதிமூலத்துக்குக் கஷ்டகாலம். மற்றவர்களுக்கு அத்தை, மாமா, பக்கத்துவீட்டுக்காரர் என்று ஆட்கள் வந்து கையை நீட்டிவிட்டுப் போனார்கள். ஆதிமூலம் ஒரு கைக்காக ஊர் முழுக்க அலைந்தார். காலையில் கடற்கரைச் சாலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களின் பக்கத்திலேயே நடந்து, வீசி வீசிப் போகும் கைகளை ஏக்கத்தோடு பார்த்து, "அருமையான சிரைங்க உங்களுக்கு" என்றார், நடந்தவர்கள் ஓடினார்கள். கல்யாண வரவேற்பில் மேடையேறி மொய்க்கவரைக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையின் கையைக் குலுக்கியவர் விடாமல் திருப்பிப் பார்த்து, "கோட்ட கொஞ்சம் மடிச்சிக்கறீங்களா?" என்றார். அந்தப் போட்டோ ஆல்பத்தில் இருக்கிறது. மூலக்குளத்தில் அந்தக் கோடையில், அனல் பறந்த மே மாதத்தில், ஆண்கள் எல்லோரும் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டில் பொத்தான் மாட்டிக்கொண்டு திரிந்தது வேறு எதற்காக என்று நினைக்கிறீர்கள்?

பரீட்சை நாள் வந்துவிட்டது. ஒரு மனிதக் கையையும் குத்தாத ஆதிமூலத்தை உள்ளே விடலாமா என்று யோசித்த வசந்தா மேடம், எழுத்துத் தேர்வில் முதல் மதிப்பெண் எடுத்தவரை எப்படி நிறுத்துவது என்று தயங்கி, கடைசியில் விட்டுவிட்டார்.

வெளியூரிலிருந்து பரீட்சையாளராக வந்தவர் இராமதாஸ். கையில் பேனா, எதிரில் மணிக்கடிகாரம், முகத்தில் ஒன்றுமில்லை. இலவசமாகச் சர்க்கரை பார்க்கிறோம் என்று சொல்லி ஆட்களை வரவழைத்திருந்தார்கள். ஆதிமூலத்தின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் வீராம்பட்டினத்து மீனவர், வயதானவர். வலை இழுத்து இழுத்து முறுக்கேறிய கை. அந்தக் கையில் சிரை கயிறுபோல ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம்.

"வெறும் வயித்துல வந்திருக்கேன், சீக்கிரம் வுடு தம்பி" என்றார் அவர்.

"உங்க முழுப் பேர சொல்லுங்க ஐயா."

"அம்மாவாச."

"பொறந்த தேதி?"

"அதான் சொன்னனே."

"பேரு சொன்னீங்க. தேதி சொல்லுங்க."

"அம்மாவாச அன்னிக்கிப் பொறந்தேன். அதுக்குத்தான் அந்தப் பேரு."

"எந்த மாசத்து அம்மாவாசை?"

"அத எங்க ஆத்தாளத்தான் கேக்கணும். அவ போயி சேந்துட்டா."

"ஆதார்ல இன்னா போட்டிருக்கு?"

"சனவரி ஒண்ணு. எங்க தெருவுல பாதி பேருக்கு சனவரி ஒண்ணுதான். போட்டோ புடிக்க வந்த புள்ள அப்டியே போட்டுக்கினு போயிடுச்சி."

இராமதாஸ் தன் தாளைப் பார்த்தார். அதிலும் ஜனவரி ஒன்று. "சரி, பொருந்துது. மேல போங்க" என்றார்.

போயிருக்கலாம். ஆதிமூலமா போவார்? "இல்லைங்க சார். தெருவுல பாதிப் பேருக்கு ஒரே தேதின்னா அடையாளம் எப்டி உறுதியாகும்? ஐயா, உங்க தெருவுல வேற அம்மாவாசை யாராச்சும் இருக்காங்களா?"

"இன்னும் ரெண்டு பேரு இருக்கானுங்க. ஒருத்தன் மேல கேஸு இருக்கு."

"பாத்தீங்களா!" என்று பரீட்சையாளரைப் பார்த்து வெற்றியோடு சிரித்தார் ஆதிமூலம்.

இராமதாஸ் சிரிக்கவில்லை. ஆதிமூலம் ரப்பர் பட்டையை எடுத்து அம்மாவாசையின் முழங்கைக்கு மேல் கட்டினார். கட்டிய விதம் கச்சிதம். பிறகு நிமிர்ந்தார். "தெரியுமா ஐயா உங்களுக்கு? இந்தப் பட்டைய ஒரு நிமிஷத்துக்கு மேல கட்டி வைக்கவே கூடாது" என்று தொடங்கினார். ஏன் கூடாது? கட்டிவைத்தால் ரத்தம் தேங்கும். தேங்கினால் தண்ணிச்சத்து வெளியே கசிந்து மிச்சம் கெட்டியாகும். பொட்டாசியம் கூடுதலாகக் காட்டும். டாக்டர் பயந்துபோய் இல்லாத வியாதிக்கு மருந்து கொடுப்பார். அந்த மருந்தால் என்னென்ன ஆகும் என்றால்... கையை மூடி மூடித் திறக்கவும் கூடாது, அது ஏன் என்றால்... நிறைய பேர் இந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள், பட்டையைக் கட்டிவிட்டுப் பராக்குப் பார்க்கிறார்கள்...

"தம்பி, கை மரத்துப் போச்சி" என்றார் அம்மாவாசை.

"மரத்துப்போகும். அததான் சொல்லிக்கினு இருக்கேன்."

"பட்டை, ஆதிமூலம்" என்றார் இராமதாஸ்.

"ஆமா சார், அதுக்குத்தான் வர்றேன்."

அம்மாவாசையின் கை நாவல்பழ நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அப்புறம் வலைக்கயிற்று முடிச்சை அவிழ்க்கிற லாகவத்தோடு இன்னொரு கையால் பட்டையை உருவி ஆதிமூலத்தின் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். "நீ நல்லா பேசற தம்பி. கூட்டத்துக்கெல்லாம் போ" என்று மனதாரச் சொல்லிவிட்டு, அடுத்த மேசையில் இருந்த சிந்துஜாவிடம் போய் உட்கார்ந்தார். அவள் பட்டையை எடுத்ததும் அவளிடம் விரலை ஆட்டி, "ஒரு நிமிசத்துக்கு மேல கட்டாத பொண்ணு. பொட்டாசியம் ஏறிக்கும்" என்றார்.

ஆமாம், இது ஒட்டுவாரொட்டி.

சிந்துஜா தேறினாள். ஆதிமூலம் தேறவில்லை. இராமதாஸ் போகும்போது, "எல்லாம் தெரிஞ்சிருக்கு உங்களுக்கு" என்று மட்டும் சொன்னார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள ஆதிமூலத்தால்கூட முடியவில்லை.

திரும்பி வந்த பஸ்ஸில் டிரைவர் கியரை நெறுநெறுவென்று மாற்றினார். ஆதிமூலம் ஒன்றும் சொல்லவில்லை. கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, "உடம்பு சரியில்லியாண்ணே?" என்று கேட்டார். வீட்டில் சரிதா குழம்புக் கரண்டியைத் தெரியாமல் ரசத்தில் விட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எதிரில் வந்து நின்றாள்.

"இன்னாங்க ஆச்சி?"

சொன்னார். வாழ்க்கையில் முதன்முறையாகச் சுருக்கமாக. மறுபரீட்சை ஒன்று உண்டு, அதற்கு முன்னால் வசந்தா மேடம் எதிரில் ஒரு மனிதக் கையிலாவது எடுத்துக் காட்டியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார், ஊரில் எவனும் கை கொடுக்க மாட்டேன் என்கிறான்.

"ஊரெல்லாம் கேட்டீங்க. என்னக் கேட்டீங்களா?" என்றாள் சரிதா.

"உனக்குத்தான் ஊசின்னா பயமாச்சே."

"யாரு சொன்னா?"

ஆதிமூலம் யோசித்தார். யோசித்துப் பார்த்தால், ஊர் முழுக்க அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தது அவர்தான். எதிரில் நின்ற சரிதாவின் முந்தானையில் இரண்டு ஊசி, நூலோடு குத்தியிருந்தது. "பொழுதன்னிக்கும் ஊசியோடதான குடித்தனம் பண்றேன்" என்றாள் அவள்.

மறுநாள் மேல்மாடியில், ரப்பர் கைக்குப் பக்கத்து நாற்காலியில், சரிதா உட்கார்ந்தாள். வசந்தா மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் கையில் சரிதா பூர்த்தி செய்து கொடுத்த தாள் இருந்தது. ஆதிமூலத்துக்கு முறை முறைதானே? கட்டிய மனைவியானாலும் கேட்டே ஆக வேண்டும்.

"உங்க முழுப் பேர சொல்லுங்க."

அவர் தன்னை 'உங்க' என்றதில் சரிதாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "சரிதா ஆதிமூலம்."

"பொறந்த தேதி?"

"நவம்பர் பதினொண்ணு."

"நவம்பர் ஒண்ணு" என்று திருத்தினார் ஆதிமூலம்.

வசந்தா மேடம் தாளைப் பார்த்தார். ஆதிமூலத்தைப் பார்த்தார். "பதினொண்ணு" என்றார்.

பெண் பார்க்கப் போன அன்றைக்கு, பிறந்த நாள் எப்போது என்று அவர்தான் ஆசையாகக் கேட்டார். அவள் "நவம்பர்..." என்று தொடங்கியதும், "ஒண்ணாந்தேதி! புதுச்சேரி விடுதலை நாளு! பாருங்க, ஊருக்கே லீவு!" என்று அவரே பூர்த்தி செய்துவிட்டார். சபை முழுக்கச் சிரித்தது. அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் நவம்பர் ஒன்றாம் தேதி, ஊரெல்லாம் கொடியேற்றுகிற நேரத்தில், கேக் வாங்கி, அதில் மூவர்ணத்தில் அவள் பெயரை எழுதி, தெருவுக்கே கொடுத்தார்.

"நீ ஏன் சொல்லல?" என்றார் ஆதிமூலம்.

"சொன்னேங்க. ரெண்டு மூணு வருசம் சொல்லிப் பாத்தேன். நீங்க 'தெரியுமா உனக்கு'ன்னு விடுதலை நாள் சரித்திரத்த ஆரமிச்சிடுவீங்க. அது முடியறதுக்குள்ள மெழுகுவத்தி உருகிடும். அப்புறம் விட்டுட்டேன்." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "கேக்கு நல்லாத்தான் இருந்துச்சி" என்று சேர்த்துக்கொண்டாள்.

ஆதிமூலத்துக்குச் சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை. தேடினார், உண்மையாகவே ஒன்றும் இல்லை. வாய் அடைத்துப்போனதில் கைக்கு வேலை வந்தது. பட்டையைக் கட்டினார். விரலால் தடவி, ஆழத்தில் மெத்தென்று எம்பிய சிரையைக் கண்டுபிடித்தார். துடைத்தார். காயும்வரை காத்திருந்தார், வெறுமனே காத்திருந்தார். ஊசியின் சாய்ந்த வாய் மேலே பார்க்கத் தாழ்வாகப் பிடித்து, இன்னொரு கையின் கட்டைவிரலால் தோலை இழுத்து நிறுத்தி, உள்ளே விட்டார். குழாயில் ரத்தம் ஏறியது. பட்டையைத் தளர்த்தினார். ஊதா மூடி, பிறகு சாம்பல் மூடி. பஞ்சை வைத்து ஊசியை எடுத்தார். குழாய்களை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பித் திருப்பி வைத்தார். சரிதாவின் பெயரையும் அவளுடைய தேதியையும் எழுதி ஒட்டினார்.

"குத்தலியா இன்னும்?" என்றாள் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த சரிதா.

வசந்தா மேடம் கட்டிய கையை அவிழ்த்தார். "இவ்ளோதான் வேலை" என்றார்.

மறுபரீட்சையில் இராமதாஸ் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஆதிமூலம் ஒவ்வொரு வார்த்தையில் பதில் சொன்னார். ஆள் மாறாட்டமோ என்று இராமதாஸ் புகைப்படத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார். தேறியாயிற்று. இந்திரா காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஒரு பரிசோதனை நிலையத்தில் வேலையும் கிடைத்தது. வலிக்காமல் எடுக்கிறார் என்று பெயர் வாங்கிவிட்டார். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தேடி வருகிறார்கள். சரிதாவின் மிஷின் இப்போது மத்தியானத்தில் தூங்குகிறது.

அப்படியானால் குணமாகிவிட்டாரா என்று கேட்கிறீர்கள். அந்த வருஷம் நவம்பர் ஒன்றாம் தேதி கேக் வரவில்லை. பதினொன்றாம் தேதி வந்தது, பெரியதாக. மெழுகுவத்தியைக் கொளுத்தியதும் ஆதிமூலம் தெருவையே கூட்டிவைத்துக்கொண்டு, மனைவியின் பக்கம் திரும்பி, "தெரியுமா உனக்கு? உன் பொறந்த நாளு ஒண்ணாந்தேதியே கெடயாது. பதினொண்ணு. நெறைய பேரு இந்தத் தப்பப் பண்றாங்க" என்றார். சரிதா வாயைத் திறந்தாள். மெழுகுவத்தி உருக ஆரம்பித்தது. மூடிக்கொண்டாள்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். அதோடு, போகிற போக்கில் உபயோகமாக ஒன்று: ரத்தம் எடுத்து முடிந்ததும் பஞ்சை வைத்து முழங்கையை மடித்துக்கொண்டு உட்காருகிறோம் அல்லவா? மடிக்கவே கூடாதாம். கையை நேராக நீட்டிக்கொண்டு பஞ்சை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம்; மடித்தால் கன்றிப்போகும். சரி, இப்போது மனதைத் தொட்டுச் சொல்லுங்கள். இதைப் படித்த அந்த நொடியிலேயே, இதை முதலில் யாரிடம் சொல்லலாம் என்று உங்களுக்குள் ஒரு முகம் வந்து நின்றதா, இல்லையா? வந்திருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். அந்த மனிதர் இந்நேரம் எங்கேயோ உட்கார்ந்து நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருக்கிறார். முழுசாகக் குடித்து முடிக்க விடுங்கள்.